அட்டை ஊரில், குடித்தனம் சென்னையில்: கஜாவுக்குப் பின் இடம்பெயர்ந்த ஒரு பெண்ணின் நிகழ்வு ஆய்வு

தென்சென்னையில் வீட்டு வேலை செய்யும் பெண்களோடு பணியாற்றும் சிறு குழு ஒன்றின் பதிவு இது. சம்பந்தப்பட்ட பெண்ணின் ஒப்புதலோடு எழுதப்படுகிறது. அவருடைய பெயர், கிராமம், தெரு, வேலை செய்யும் அடுக்குமாடி ஆகியவை தவிர்க்கப்பட்டுள்ளன. அடையாளம் காட்டக்கூடிய சில விவரங்கள் மாற்றப்பட்டுள்ளன.

புயல், வெள்ளம் என்றால் அவை வந்த நாள்தான் பேசப்படுகிறது. இந்தக் குடும்பத்தை ஒரு புயலும் ஒரு வெள்ளமும் தாக்கின. ஆனால் பெரிய இழப்பு அவை இரண்டுக்கும் நடுவிலிருந்த ஐந்து ஆண்டுகளில் நேர்ந்தது. எந்த நிவாரணக் கணக்கிலும் அது வரவில்லை.

ஊரில் இருந்த வாழ்வு

பட்டுக்கோட்டை, பேராவூரணி வட்டாரம் காவிரித் தண்ணீர் கடைசியாக வந்து சேரும் கடைமடைப் பகுதி. ஆற்றுத் தண்ணீர் நேரத்துக்கு வந்து சேரும் என்ற நம்பிக்கை குறையக் குறைய, பல விவசாயிகள் ஆழ்துளைக் கிணறு போட்டு, நெல்லை விட்டுத் தென்னைக்கு மாறினார்கள். தண்ணீர் நெருக்கடிக்கு அவர்கள் கண்ட மாற்றுவழி அது. அந்தத் தோப்புகளை நம்பி நிலமில்லாத குடும்பங்களுக்கும் பிழைப்பு உருவானது. ஆண்கள் காய் வெட்டினார்கள், பெண்கள் கீற்று முடைந்தார்கள்.

இந்தப் பெண் கீற்று முடைபவர். விழுந்த மட்டையை நடுவில் கிழித்து, குளத்தில் ஊறப்போட்டு, மறுநாள் வாசலில் குந்தி முடைய வேண்டும். எண்ணிக்கைக்குக் கூலி. வீட்டை விட்டுப் போகாமல், கைக்குழந்தையைப் பக்கத்தில் கிடத்திக்கொண்டு செய்யக்கூடிய வேலை. கணவர் மரம் ஏறுபவர். மாமியார், மகள், மகன் என்று ஐந்து பேர். சொந்த நிலம் கிடையாது. குடியிருந்த மனைக்கும் பட்டா இல்லை.

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையே கரையைக் கடந்தது. நாகை, திருவாரூர், தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டங்களில் தென்னைகள் வேரோடு சாய்ந்தன. விழுந்த மரம் ஒன்றுக்கு, வெட்டி அகற்றும் செலவும் சேர்த்து, 1,100 ரூபாய் அரசு இழப்பீடாகக் கிடைத்தது. அது மரத்தின் சொந்தக்காரருக்கு. அந்த மரத்தில் ஏறியவருக்கும் அதன் மட்டையை முடைந்தவருக்கும் இழப்பீடு என்ற பேச்சே எழவில்லை. மரம் அவர்களுடையது இல்லையே.

புயலுக்குப் பிந்தைய மூன்று ஆண்டுகள்

கேட்டவுடன் எங்களுக்கு வியப்பளித்த தகவல் ஒன்று: புயலுக்கு அடுத்த சில வாரங்களில் அவருக்கு வழக்கத்தைவிட அதிக வேலை கிடைத்தது. எங்கு பார்த்தாலும் மட்டை கிடந்தது. ஊர் முழுக்கக் கூரை போயிருந்தது. கிடந்த மட்டை தீர்ந்ததும் வேலையும் தீர்ந்தது. புதிதாக நட்ட தென்னை காய்க்க ஐந்து ஆண்டுக்கு மேலாகும். அதுவரை முடைய மட்டையும் இல்லை, ஏற மரமும் இல்லை.

வீட்டுக்குக் கூரை போட அவர் மைக்ரோ பைனான்ஸ் குழுவில் கடன் வாங்கினார். வாரத் தவணை. கடன் குழுக்களில் சேர்வது பெண்கள்தான் என்பதால், தவணை தவறினால் வாசலில் வந்து நிற்பவர்களுக்குப் பதில் சொல்வதும் அவர்தான். முதல் கடனின் தவணைக்காக இரண்டாவது குழுவில் சேர்ந்தார். நூறு நாள் வேலைக் கூலி அந்த வாரத் தவணைக்கு முன்னால் நிற்கவில்லை. கணவர் 2019-இல் சென்னைக்குக் கட்டட வேலைக்குப் போனார். ஊரடங்கில் திரும்பி வந்தார். தளர்வுக்குப் பிறகு மீண்டும் போனார். அவர் அனுப்பிய பணம் ஒழுங்காக வரவில்லை. 2021-இல் மகனை அழைத்துக்கொண்டு இவரும் சென்னைக்குக் கிளம்பினார்.

ஏன் கிளம்பினீர்கள் என்று கேட்டால் அவர் சொல்வது கடனை. புயல் என்ற சொல்லே அவர் வாயில் வருவதில்லை. இடம்பெயர்வுக்கான காரணத்தை ஒற்றைக் கேள்வியில் கேட்டு எழுதிக்கொள்ளும் படிவங்களில் இவர் “பொருளாதாரக் காரணம்” என்ற கட்டத்துக்குள் போய்விடுவார்.

மகளை ஏன் விட்டுவந்தார் என்பதும் இங்கே முக்கியம். அப்போது அவளுக்குப் பன்னிரண்டு வயது. கணவர் தங்கியிருந்த இடத்தை ஒருமுறை வந்து பார்த்துவிட்டுப் போன பிறகு எடுத்த முடிவு அது. “வயசுக்கு வரப்போகும் பெண்ணை அந்தக் கழிப்பறைக்கு எப்படி அனுப்புவது?” என்றார். பள்ளி, செலவு, மாமியாருக்குத் துணை எல்லாம் அதற்குப் பிறகு சொன்ன காரணங்கள்.

நகரத்தில் கண்டவை

கால்வாயை ஒட்டிய புறம்போக்கில் இரண்டு வரிசை வீடுகள். தகரமும் சிமெண்ட் ஷீட்டும் வேய்ந்த ஒற்றை அறை. மாத வாடகை 2,500, அட்வான்ஸ் 10,000. இடம் யாருடையது என்று யாரும் கேட்பதில்லை. வீட்டைக் கட்டியவர் “ஓனர்”. முன்பு குடும்பத்தோடு அங்கேயே வாழ்ந்த அவர், இப்போது வேறு பகுதியில் இருக்கிறார். ரேஷன் கார்டு மட்டும் இந்தக் கதவு எண்ணிலேயே இருக்கிறது.

சென்னையில் குடிசைப் பகுதி என்பது சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய ஒன்று. 1971ஆம் ஆண்டுச் சட்டத்தின்கீழ் அந்த ஆண்டு 1,202 பகுதிகள் பட்டியலிடப்பட்டன. 1985-இல் மேலும் 17 சேர்ந்தன. அதற்குப் பிறகு நீண்ட காலம் புதிய அறிவிப்பு வரவில்லை. இவர் வாழும் தெருவைப் போல அதற்குப் பின் முளைத்தவை பட்டியலுக்கு வெளியே நிற்கின்றன. குழாயும் வடிகாலும் கழிப்பறையும் கேட்கப் போனால், இல்லாத இடத்துக்கு எப்படிக் கொடுப்பது என்ற பதில் வருகிறது.

நாங்கள் அவரைச் சந்தித்தது 2022-இல். காலை நான்கரைக்கு எழுந்திருப்பார். கழிப்பறைக்குக் கூட்டம் சேருமுன் போய்வர வேண்டும். இரண்டு வரிசைக்கும் சேர்த்து இரண்டே கழிப்பறைகள். ஒன்றுக்குத் தாழ்ப்பாள் கிடையாது. பிறகு லாரித் தண்ணீர். லாரி வரும் நேரம் நிச்சயமில்லை. அது தாமதமானால் முதல் வீட்டு வேலைக்குத் தாமதம், அங்கே தாமதித்தால் அடுத்த வீட்டுக்கும் தாமதம். அந்தத் தெருவில் தண்ணீருக்குக் காத்திருந்து கூலி இழந்தவர்கள் பெண்கள்தான். கட்டட வேலைக்குப் போகும் ஆண்கள் ஆறரை மணிக்கே வேனில் ஏறிவிடுகிறார்கள்.

இரவில் கழிப்பறைக்குப் போக வேண்டியிருக்குமே என்று மாலைக்கு மேல் அவர் தண்ணீர் குடிப்பதில்லை. அந்த வரிசையில் பெரும்பாலான பெண்களின் வழக்கம் அது. சிறுநீர்க் கடுப்பும் நோய்த்தொற்றும் அடிக்கடி வந்தன. மருந்துக் கடையில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டார்கள். கோடையில் ஷீட்டின் அனல் நள்ளிரவு வரை தணியாது. ஆண்கள் வெளியே பாய் விரித்துக்கொள்கிறார்கள். பெண்கள் உள்ளே கதவைச் சாத்திக்கொண்டு படுக்கிறார்கள். வெப்பம் எல்லோருக்கும் ஒன்றுதான் என்று பேசுபவர்கள் அந்த அறையில் ஒரு மே மாத இரவு படுத்துப் பார்க்கலாம்.

2023 செப்டம்பரில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகை தொடங்கியது. மாதம் 1,000 ரூபாய். குடும்ப அட்டை உள்ள ஊரிலேயே விண்ணப்பிக்க வேண்டியிருந்தது. கூலியையும் பஸ் செலவையும் பாராமல் அவர் ஊருக்குப் போய் முகாமில் பதிந்துவிட்டு வந்தார். பணம் வரத் தொடங்கியது. ஊரில் மாமியாரும் மகளும் சாப்பிடும் ரேஷன் அரிசியும் அதே அட்டையில்தான். அட்டை ஊரில் இருப்பதால் அந்தக் குடும்பத்துக்கு என்ன கிடைக்கிறது என்பதைப் பின்னால் வரும் முடிவுகளோடு சேர்த்துப் பார்க்க வேண்டும்.

2023 டிசம்பர்

மிக்ஜாம் புயல் மழை டிசம்பர் 3, 4 தேதிகளில் கொட்டியது. பள்ளிக்கரணை, வேளச்சேரி, பெரும்பாக்கம் சுற்றுவட்டாரத்தில் தண்ணீர் வடிய நாள்கணக்கில் ஆயிற்று. இந்தத் தெருவில் தண்ணீர் முதலில் வந்தது கழிப்பறைப் பக்கமிருந்து. நள்ளிரவில் முழங்கால், விடியும்போது இடுப்பு. ஆதார், பாஸ்புக், மகனின் மாற்றுச் சான்றிதழ் எல்லாவற்றையும் ஜவுளிக்கடைப் பையொன்றில் போட்டுக் கூரைக் கம்பில் எப்போதும் கட்டி வைத்திருந்தார், அவை தப்பின. அரிசி, அடுப்பு, பாய், தையல் இயந்திரம் போயின.

எல்லோரும் பக்கத்தில் கட்டிமுடிக்காத கட்டடம் ஒன்றின் முதல் மாடியில் ஏறினார்கள். கழிப்பறை இல்லாத இடம். பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு, கூட்டமாக இரண்டாவது மாடிக்குப் போய்வந்தார்கள். மாதவிலக்கில் இருந்தவர்களின் நிலையை விளக்க வேண்டியதில்லை. துணியை அலசத் தண்ணீர் இல்லை, சுற்றிலும் தண்ணீர். உணவுப் பொட்டலம் வந்தது. நாப்கின் கேட்டு அனுப்பிய பிறகுதான் வந்தது.

மூன்றாம் நாள் அவருக்கு வேலை வீட்டிலிருந்து தொலைபேசி அழைப்பு. அடுக்குமாடியில் மின்சாரம் இல்லை, லிஃப்ட் இல்லை, மேல்நிலைத் தொட்டிக்குத் தண்ணீர் ஏறவில்லை. இவர் இடுப்பளவு தண்ணீரில் நடந்து போய், கீழே வந்த லாரியிலிருந்து நான்காவது மாடிக்கு வாளி வாளியாகச் சுமந்தார். போகாவிட்டால் வேறு ஆள் வைத்துவிடுவார்கள் என்ற பயம். அந்த வீட்டுக்காரர்களைக் கொடுமைக்காரர்களாகச் சித்திரிப்பது எங்கள் நோக்கமில்லை. அவர்கள் வீட்டிலும் படுக்கையில் கிடக்கும் முதியவர் ஒருவர் இருந்தார். ஆனால் நகரம் வெள்ளத்திலிருந்து மீள்வதற்கான உழைப்பில் ஒரு பகுதி, வீடு மூழ்கிய பெண்களின் தோளில் ஏறியது. அதற்காகக் கூடுதல் கூலி யாரும் கொடுத்ததாக நாங்கள் கேள்விப்படவில்லை.

நிவாரணமும் கதவு எண்ணும்

பாதிக்கப்பட்ட குடும்பங்களுக்குத் தலா 6,000 ரூபாய் ரேஷன் கடை வழியாக வழங்கப்படும் என்று அரசு அறிவித்தது. டோக்கன் அட்டைதாரர்களுக்கு. அட்டை இல்லாதவர்கள் கடையில் விண்ணப்பம் கொடுக்கலாம் என்றும் அறிவிப்பு வந்தது.

இவர் வரிசையில் நின்றார். அட்டை வேறு மாவட்டம் என்பதால் விண்ணப்பம் எழுதித் தரச் சொன்னார்கள். அங்கே வசிப்பதற்குச் சான்று வேண்டும். வாடகை ஒப்பந்தம் கேட்டபோது வீட்டு உரிமையாளர் மறுத்தார். புறம்போக்கில் வீடு கட்டி வாடகைக்கு விட்டதாக அவரே எழுத்தில் கொடுத்ததாகிவிடுமே. அதே கதவு எண்ணுக்குரிய 6,000 ரூபாய் அவருடைய அட்டையில் வந்தது; அவர் வாங்கிக்கொண்டார். விதிப்படி அதில் தவறில்லை. தண்ணீர் புகுந்த அறையில் இருந்தவருக்கு அது போகவில்லை, அவ்வளவுதான்.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

உரிமையாளரிடம் அந்தப் பணத்தில் பங்கு கேட்க வேண்டும் என்று தெருவில் சிலர் சொன்னார்கள். அந்தப் பெண் வேண்டாம் என்றார். நாங்களும் வற்புறுத்தவில்லை. அட்வான்ஸ் உரிமையாளரிடம் இருந்தது, மகனின் பள்ளி பக்கத்தில் இருந்தது, வேறு இடத்தில் அந்த வாடகைக்கு அறை கிடைக்காது. மூன்றையும் பணயம் வைக்கும் அளவுக்கு அது பெரிய தொகையில்லை.

விண்ணப்பத்துக்கு வேறு சான்றுகளைத் திரட்டினோம். மகன் படிக்கும் அரசுப் பள்ளியின் படிப்புச் சான்றிதழ், வேலை வீட்டாரின் கடிதம், வெள்ளத்தில் வீட்டை எடுத்த புகைப்படம். இவை போதும் என்று எந்த அறிவிப்பிலும் எழுதியிருக்கவில்லை. போதாது என்றும் எழுதியிருக்கவில்லை.

நீண்ட விவாதம் நடந்தது அட்டையைப் பற்றித்தான். சென்னைக்கு வந்து நிலைத்துவிட்ட குடும்பங்களுக்கு அட்டை முகவரியை மாற்றிக்கொள்ளும்படி நாங்கள் பொதுவாகச் சொல்வோம். 2020 அக்டோபர் முதல் தமிழ்நாட்டில் எந்த ரேஷன் கடையிலும் பொருள் வாங்கலாம் என்பதால் அரிசிக்காக மாற்ற வேண்டியதில்லை. ஆனால் நிவாரணம், மறுகுடியமர்வுக் கணக்கெடுப்பு போன்றவற்றில் முகவரிதான் பேசும். இந்தப் பெண் மறுத்தார். அவருடைய கணக்கு தெளிவாக இருந்தது. உரிமைத் தொகை மாதாமாதம் வருகிறது. முகவரியை மாற்றி, மறுபடியும் சரிபார்ப்பு என்று வந்து, அது நின்றுபோனால் யார் பொறுப்பு? ஊரில் மனைப்பட்டா கேட்டுக் கொடுத்த மனு நிலுவையில் இருக்கிறது. அட்டையே அங்கு இல்லையென்றால் அங்கே வசிப்பதாக எப்படிக் காட்டுவது? மாமியாரும் மகளும் அந்த அட்டையில்தான் சாப்பிடுகிறார்கள். “வெள்ளம் எப்போதோ வருவது அக்கா. அரிசி மாதாமாதம் வேண்டும்.”

அட்டையைப் பிரித்து, ஊரில் ஒன்றும் இங்கே ஒன்றுமாக வாங்கும் வழியையும் பேசினோம். இங்கே புதிய அட்டை வாங்க மறுபடியும் முகவரிச் சான்று வேண்டும். சுற்றிச் சுற்றி அதே இடத்துக்கு வந்து நின்றது.

கடைசியில் ஒப்புக்கொண்டது இது: குடும்ப அட்டை ஊரிலேயே இருக்கட்டும்; அவருடைய ஆதார் முகவரி மட்டும் சென்னைக்கு மாறட்டும். ஆதாருக்கு வாடகை ஒப்பந்தம் கட்டாயமில்லை. குறிப்பிட்ட படிவத்தில், புகைப்படம் ஒட்டி, மாமன்ற உறுப்பினர் கையொப்பமிட்ட சான்றிதழ் ஏற்கப்படுகிறது. 2022-இல் சென்னை மாநகராட்சிக்குத் தேர்தல் நடந்து வார்டு உறுப்பினர்கள் வந்துவிட்டதால் இந்த வழி திறந்திருந்தது. ஒரு காகிதமாவது அவர் இருக்கும் தெருவைச் சொல்லட்டும் என்பதே எண்ணம்.

அதன் பின்

நிவாரண விண்ணப்பத்துக்குப் பணம் வரவில்லை. நிராகரித்ததாகவும் தகவல் இல்லை. அதே வரிசையில் விண்ணப்பித்த சிலருக்கு வங்கிக் கணக்கில் வந்தது. அவர்களிடம் அந்த முகவரிக்கு கேஸ் பில் இருந்தது. பள்ளிச் சான்றிதழை மட்டும் நம்பியவர்களுக்கு வரவில்லை.

அவர் தோட்டை அடகு வைத்தார். அடுப்பும் ஷீட்டும் வாங்கத் தண்டல்காரரிடம் கடன் வாங்கினார். ஊரில் வாரத் தவணை, இங்கே தினத் தவணை. வெள்ளம் வந்த மாவட்டத்தில் கடன் வசூலைக் கொஞ்சம் தள்ளிவைக்கும்படி கேட்கலாம். இவர் குழுக் கடன் வாங்கியதோ வெள்ளம் வராத மாவட்டத்தில். அந்தக் கிளையைப் பொறுத்தவரை அவருக்கு எதுவும் நேரவில்லை. 2024-இல் அவர் மூன்றாவதாக ஒரு வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். மகன் பள்ளி முடிந்து வந்து தனியாக இருக்கும் நேரம் கூடியது.

ஆதார் முகவரி மாறியது. 2024 பிற்பகுதியில் தெருவில் குடும்பங்களைக் கணக்கெடுத்தார்கள். இடிக்கப் போகிறார்கள் என்று ஒரு பேச்சு, பட்டா வரப்போகிறது என்று ஒரு பேச்சு. எதற்காகக் கணக்கெடுப்பு என்று அதிகாரபூர்வமாகச் சொல்லப்படவில்லை. அன்று வீட்டைப் பூட்டிவிட்டு வெளியே போய்விடும்படி உரிமையாளர் கேட்டுக்கொண்டார். இவர் போகவில்லை. ஆதாரையும் மகனின் பள்ளிச் சான்றிதழையும் காட்டினார். “குடியிருப்பவர்” என்று அவர் பெயர் பதிவானது. அதே கதவு எண்ணுக்கு உரிமையாளரின் பெயரும் பதிவானது. நாளை வேறு இடத்தில் வீடு ஒதுக்கப்பட்டால் யாருக்கு என்பது தீர்க்கப்படாத கேள்வி. வாடகை அதற்குப் பிறகு 500 ரூபாய் ஏறியது.

ஊரில் மகள் 2025-இல் பத்தாம் வகுப்பு தேறி, அங்கேயே பிளஸ் ஒன் சேர்ந்தாள். மாமியாருக்குக் கண்பார்வை குறைந்துவிட்டதால் சமையலும் அவளே. தாய் சென்னையில் இரண்டு வீட்டுக்குச் சமைக்கிறார். புயலுக்குப் பின் நட்ட தென்னைகள் சில தோப்புகளில் காய்க்கத் தொடங்கியிருக்கின்றன. கீற்று வேலை கொஞ்சம் கிடைக்கிறது என்று ஊரிலிருந்து செய்தி வந்தது. திரும்பிப் போவீர்களா என்று கேட்டோம். கூலியைக் கணக்குப் போட்டுவிட்டு, கடன் முடியட்டும் என்றார்.

மாற வேண்டியவை

எங்கள் வேலையில் மாறியதை முதலில் சொல்கிறோம். புதிதாக வரும் பெண்ணிடம் இப்போது மூன்றைத் தனித்தனியாகக் கேட்கிறோம்: அட்டை எங்கே, கடன் எங்கே, பிள்ளைகள் எங்கே. மூன்றும் ஒரே ஊரில் இருப்பது அபூர்வம். அட்டையை மாற்றச் சொல்வதற்கு முன், ஊரில் அந்த அட்டையை நம்பி யார் சாப்பிடுகிறார்கள் என்று பார்க்கிறோம். முகவரிக் காகிதங்களை வடகிழக்குப் பருவமழைக்கு முன், செப்டம்பருக்குள் சேர்த்து வைக்கிறோம். வெள்ளத்துக்குப் பிறகு எல்லோரும் ஒரே கையொப்பத்துக்காக ஒரே வாசலில் நிற்கிறார்கள்.

கேஸ் இணைப்பை நாங்கள் முன்பு வசதியாக மட்டுமே பார்த்தோம். இப்போது அது முகவரிச் சான்றும்கூட. மத்திய அரசின் கேஸ் இணைப்புத் திட்டமான உஜ்வலாவின் 2021-இல் வந்த இரண்டாம் கட்டத்தில் இடம்பெயர்ந்தவர்கள் முகவரிக்குச் சுய உறுதிமொழி கொடுத்தால் போதும். ஆனால் ஒரே குடும்பத்துக்கு ஏற்கெனவே இணைப்பு இருந்தால் கிடைக்காது. இந்தக் குடும்பத்தில் ஊர் இணைப்பு மாமியார் பெயரில், அதே அட்டையில் இருப்பதால் இவரால் அதைப் பயன்படுத்த முடியவில்லை. தனிக்குடித்தனமாக வருபவர்களுக்கு உதவும்.

அரசிடம் கேட்க வேண்டியது பெரிதாக ஒன்றுமில்லை. நிவாரண விண்ணப்பத்தில் பள்ளி வருகைப் பதிவேட்டை வசிப்பிடச் சான்றாக ஏற்கலாம். அந்தத் தெருவில் எந்தெந்தக் குடும்பம் எவ்வளவு காலமாக வாழ்கிறது என்பது தலைமையாசிரியருக்குத் தெரியும். அவர் அரசு ஊழியர். பதிவேடு வெள்ளத்துக்கு முன்பே எழுதப்பட்டது. குடியிருப்பவர், உரிமையாளர் என்று ஒரே கதவு எண்ணில் இரண்டு பெயர் வரும்போது என்ன செய்வது என்பதைக் கணக்கெடுப்புக்கு முன்பே எழுத்தில் சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தில் தங்கவைக்கும் இடத்தைத் தேர்வு செய்யும்போது, மேல் தளத்தில் தாழ்ப்பாளோடு கழிப்பறை இருக்கிறதா என்பது முதல் கேள்வியாக இருக்க வேண்டும். இந்தத் தெருவுக்கு அப்படிப்பட்ட இடம் நடக்கும் தூரத்தில் ஒன்று உண்டு: மகன் படிக்கும் பள்ளியின் முதல் மாடி. சாவி யாரிடம் இருக்கும், மழை எவ்வளவு பெய்தால் திறப்பார்கள் என்று கேட்டு பெற்றோர் கூட்டத்தில் பெண்கள் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். பதில் இன்னும் வரவில்லை.